ஒன்பது லட்சம் எழுத்து

அந்தப் படம் போன்ல இறங்க இன்னும் எவ்வளவு நேரம்னு போட்டிருக்கு தாயி? நாப்பது செகண்டா? எத்தனை எம்.பி.? முன்னூறா? சரி சரி, நீ பாரு. சும்மாதான் கேட்டேன். முன்னூறை நாப்பதால வகுத்தா ஏழரை. ஒரு எம்.பி.க்குப் பத்து லட்சம் எழுத்து, அப்ப செகண்டுக்கு எழுபத்தஞ்சு லட்சம் எழுத்து. நீ என்னடான்னா சுத்துது சுத்துதுன்னு போனை உள்ளங்கையில தட்டுற.

தப்பா எடுத்துக்காத. எனக்கு இது ஒரு வியாதி. எங்க எது ஏறினாலும் இறங்கினாலும் கணக்குப் போட்டுருவேன். ஆஸ்பத்திரிக்குப் போனா பாட்டில்ல சொட்டு விழுறதைப் பார்த்து நிமிஷத்துக்கு எத்தனைன்னு எண்ணுவேன். நர்ஸுங்களே ஒரு மாதிரியாப் பார்ப்பாங்க. எண்ணாம இருக்க முடியல.

நீயும் மெட்ராஸ் வரைக்குமா? நான் தங்கச்சி வீட்டுக்குப் போறேன். அவ வீட்டுக்காரர் ஊர்ல இல்லாத நாளாப் பார்த்துத்தான் போவேன். முப்பத்திரண்டு வருஷமா அப்படித்தான். அவர் என்கூடப் பேசுறதில்ல. ஏன்னு நீயே கேட்டுட்டுச் சொல்லு. நியாயம் யார் பக்கம்னு ஒரு வெளியாள் சொல்லட்டும்.

என் பேரு சௌந்தரவல்லி. மதுரைக்கு வெளியில ஒரு தொழிற்பேட்டையில குளுக்கோஸ் பாட்டில் பண்ற கம்பெனியில இருந்தேன். கையில ஊசி குத்தி ஏத்துவாங்கள்ல, அந்தப் பாட்டில். அங்க நான் டெலக்ஸ் ஆபரேட்டர். டெலக்ஸ்னா உனக்குத் தெரியாது. டைப்ரைட்டர் மாதிரி ஒரு மிஷின். இங்க அடிச்சா மெட்ராஸ்ல காகிதத்துல விழும். அதுக்குன்னு தனி லைன். நிமிஷத்துக்கு நானூறு எழுத்து போகும், அதுக்கு மேல நீ தலைகீழா நின்னாலும் போகாது. ஆனா அது ஒரு நாளும் ஏமாத்தாது. மழை பெய்யட்டும், இடி இடிக்கட்டும், அது பாட்டுக்கு டக டகன்னு அடிச்சுக்கிட்டே இருக்கும்.

தொண்ணூத்தொண்ணுல கம்ப்யூட்டர் வந்துச்சு. மேனேஜர் ஜெகவீரன் சார் என்னைத்தான் டிரெயினிங் அனுப்பினார். அம்புட்டுப் பேர்ல என்னை. மறு வருஷம் மோடம் வாங்கினாங்க. டெலிபோன் லைன்ல கம்ப்யூட்டரும் கம்ப்யூட்டரும் பேசுறதுக்கு. செகண்டுக்கு நூத்தி இருபது எழுத்து. செகண்டுக்கு! டெலக்ஸ் நிமிஷம் முழுக்க முக்கி முக்கி அனுப்புறதை இது மூணு செகண்டுச் சொச்சத்துல அனுப்பிரும். இனி டெலக்ஸைத் தொட வேணாம்னு மேனேஜர் சொன்னார். நான் அதுக்கு ஒரு பச்சைத் துணி தைச்சு மூடி வச்சேன்.

அந்த வருஷம் ஐப்பசியில என் தங்கச்சி தங்கபுஷ்பத்துக்கு மெட்ராஸ்ல பிரசவம். தனியார் ஆஸ்பத்திரி ஒண்ணு. ஆபரேஷன் பண்ணித்தான் எடுத்தாங்க. பொண்ணு. அவ வீட்டுக்காரர் தர்மர் சாயந்தரம் ஆபீஸுக்குப் போன் பண்ணிச் சொன்னார். தாயும் பிள்ளையும் நல்லா இருக்காங்க மதினி, குளுக்கோஸ் ஏறிக்கிட்டிருக்கு, உங்க கம்பெனி பாட்டில்தான்னார். எனக்கு ஒரே பெருமை. மறுநாள் காலையில ஆபீஸ் பூரா சாக்லேட் கொடுத்தேன். எங்க பாட்டில்தான் ஏறுதுன்னு ஒவ்வொருத்தர்கிட்டயும் சொல்லிச் சொல்லிக் கொடுத்தேன்.

கடைசியா ரஹ்மத் மேடத்துக்குக் கொடுக்கப் போனேன். ரஹ்மத்துன்னிசான்னு முழுப் பேரு. சரக்கு நல்லா இருக்கா இல்லையான்னு பார்க்கிற கெமிஸ்ட். ஒவ்வொரு சரக்குலயும் ரெண்டு பாட்டிலை எடுத்து வச்சு, ரெண்டு வாரம் கழிச்சுப் பார்ப்பாங்க. நான் போனப்ப ஒரு பாட்டிலை ஜன்னல் வெளிச்சத்துல தூக்கிப் பிடிச்சிருந்தாங்க. சாக்லேட்டை நீட்டினேன். வாங்கல. பாட்டிலை லேசா ஆட்டினாங்க. அடியில இருந்து பஞ்சு நூல் மாதிரி ஒண்ணு எழும்பி மெதுவாச் சுத்துச்சு. இன்னொரு பாட்டில். அதுலயும். மூணாவது, அதுலயும்.

பூஞ்சை, தாயி. உசுரோட இருக்கிற பூஞ்சை. அது ரத்தத்துல போனா என்ன ஆகும்னு நான் கேட்கல. மேடம் முகத்தைப் பார்த்தேன், போதும்.

எங்ககிட்ட பாட்டிலை ஆவியில வேக வைக்கிற பெரிய மிஷின் மூணு இருந்துச்சு. இட்லிக் கொப்பரை மாதிரின்னு வச்சுக்க, ஆனா ஆள் உள்ள நடந்து போகலாம். ஏ, பி, சின்னு பேரு. பாட்டில் மேல போடுற பேட்ச் நம்பரோட முடிவுலயும் அந்த எழுத்துதான் இருக்கும். சி மிஷின்ல சூடு ஏறாமப் போயிருக்கு. வழக்கமா ரெண்டு வாரம் வச்சுப் பார்த்துட்டுத்தான் சரக்கை வெளிய விடணும். அந்த வருஷம் மழையில ஊரெல்லாம் வாந்தி பேதி, பாட்டில் பாட்டில்னு எல்லாரும் கேட்டதுல முன்னாடியே விட்டுட்டாங்க. சரக்கெல்லாம் எங்க கம்பெனியோட மெட்ராஸ் டிப்போவுக்குப் போயி, அங்கிருந்து ஆஸ்பத்திரி ஆஸ்பத்திரியாப் போயிருச்சு.

சாக்லேட் டப்பா கையில இருக்கு. நான் நின்ன இடத்துலயே நிக்கிறேன்.

ஒன்பதரைக்கு மேனேஜர் ரூம்ல கூப்பிட்டாங்க. மேனேஜர், மேடம், நான், மூணே பேர். கதவைச் சாத்தச் சொன்னார். விஷயம் இந்த ரூமை விட்டுப் போகக் கூடாதுன்னார். எந்த அட்டைப் பெட்டி எந்த மிஷின்ல வெந்தது, எந்த ஆஸ்பத்திரிக்குப் போகுதுங்கிற லிஸ்ட் கம்ப்யூட்டர்ல இருக்குல்ல, அதை முழுசா டிப்போவுக்கு அனுப்பு, டிப்போ ஏகாம்பரம் சத்தமில்லாம பெட்டிகளை எடுத்துட்டு வந்துருவார்னார். நாளைக்கு மருந்து இன்ஸ்பெக்டர் கேட்டா முழு லிஸ்ட்டையும் காட்டணுமாம். யாரும் எதையும் எழுதக் கூடாது, யாருக்கும் போன் பேசக் கூடாது, லிஸ்ட் மட்டும் போகணும்.

லிஸ்ட்டுல பதினெட்டாயிரம் வரி. வரிக்கு ஐம்பது எழுத்து. ஒன்பது லட்சம்.

இங்கதான் நீ கவனமாக் கேட்கணும். என்மேல குத்தம் சொல்றவங்க யாரும் இதைக் கேட்கிறதில்ல. நான் எடுத்தோம் கவுத்தோம்னு எதையும் செய்யல. ஒரு காகிதத்தை எடுத்துக் கணக்குப் போட்டேன். டெலக்ஸ்ல ஒன்பது லட்சம் எழுத்து போக முப்பத்தேழரை மணி நேரம், ஒன்றரை நாளுக்கும் மேல. ஆகாது. பிளாப்பின்னு கம்ப்யூட்டர்ல சொருகுற சதுரத் தட்டு, அதுல ஏத்தி பஸ்ல கொடுத்தா பத்தரை மணி நேரம், அது செகண்டுக்கு இருபத்திநாலு எழுத்துக் கணக்கு. பஸ் டெலக்ஸை விட மூணு மடங்குக்கு மேல வெரசு, தெரியுமா உனக்கு? யாரும் நம்ப மாட்டாங்க. மத்தியான பிளைட்ல கொடுத்தா இங்க புறப்பட்டு டிப்போ வாசல்ல போய் நிக்க நாலு மணி நேரம், செகண்டுக்கு அறுபத்திரண்டரை. மோடம்னா ரெண்டு மணி அஞ்சு நிமிஷம். செகண்டுக்கு நூத்தி இருபது. மோடம்தான் ஜெயிக்குது. வேற யாரு போட்டாலும் இதே விடைதான் வரும்.

ஒன்பதே முக்காலுக்கு ஆரம்பிச்சேன். வெளியூருக்கு எஸ்.டி.டி. போறதுக்கு எங்ககிட்ட ஒரே போன்தான். இன்னொரு போன் மழையில செத்துக் கெடந்துச்சு. அந்த ஒரு போன்ல மோடத்தை மாட்டி டிப்போவுக்கு டயல் பண்ணேன். அந்தப் பக்கம் கீச்சுன்னு கத்தும், இந்தப் பக்கம் கீச்சுன்னு கத்தும், அப்புறம் அமைதி. திரையில நூத்துக்கு எத்தனைன்னு ஒரு நம்பர் ஓடும். ஒண்ணு. ரெண்டு. மூணு.

வெளிய மழை. தகரக் கூரையில தட தடன்னு. இருபத்திரண்டுல லைன் அறுந்துச்சு.

பாதியில அறுந்தா அம்புட்டும் போச்சு, தாயி. இந்தக் காலம் மாதிரி விட்ட இடத்துல இருந்து தொடராது. திரும்ப ஒண்ணுல இருந்து. ஆரம்பிச்சேன். எட்டுல அறுந்துச்சு. திரும்ப ஆரம்பிச்சேன். பதினொண்ணுல அறுந்துச்சு.

என் தலைக்குள்ள என்ன ஓடுச்சுன்னா, சொட்டு. புஷ்பத்துக்கு நேத்தே பாட்டில் ஏறுதுன்னாரே, அது ஏ மிஷினா, பி மிஷினா, சி மிஷினா? இன்னைக்கு ஏத்துறது? நிமிஷத்துக்கு நாப்பது சொட்டு விடுவாங்க. ஒரு பாட்டில் இறங்க நாலரை மணி நேரம். என் நம்பர் மேல ஏற ஏற அவ பாட்டில் கீழ இறங்குதுன்னு தோணும். அறுந்துச்சுன்னா என் நம்பர் முதல்ல இருந்து ஆரம்பிக்கும், அவ பாட்டில் முதல்ல இருந்து ஆரம்பிக்காது, அது பாட்டுக்கு இறங்கிக்கிட்டே இருக்கும். கை வேர்த்து கீபோர்டு வழுக்குச்சு. சேலையில துடைச்சுத் துடைச்சு அந்த இடமே ஈரமாயிருச்சு.

போன் பண்ணி ஆஸ்பத்திரிக்கே சொல்லியிருக்கலாமேன்னு நீ கேட்பே. எல்லாரும் அதைத்தான் கேட்கிறாங்க. எந்தப் போன்ல? இருக்கிறதே ஒண்ணு. அதுல லிஸ்ட் போயிக்கிட்டிருக்கு. லிஸ்ட் போய்ச் சேர்ந்தா மெட்ராஸ்ல இருக்கிற எல்லா ஆஸ்பத்திரிக்கும் சேர்ந்துதானே நல்லது? என் தங்கச்சிக்காக நான் லைனை அறுத்தா அது சுயநலம் இல்லையா?

பத்தரை தாண்டியிருக்கும், மூணாவது தடவை அறுந்த கொஞ்ச நேரத்துல, மேடம் வந்தாங்க. சி மிஷின் பெட்டிகளை மட்டும் பிரிச்சு எடுக்க முடியுமான்னு கேட்டாங்க. முடியும். முன்னூத்திப் பத்து பெட்டிதான். ரெண்டே நிமிஷத்துல போயிரும். ஆனா அதுக்குள்ள நான் நாலாவது தடவை டயல் பண்ணிட்டேன், கீச்சுன்னு பிடிச்சிருச்சு, நம்பர் ஓட ஆரம்பிச்சிருச்சு. அந்தக் கம்ப்யூட்டர் ஒரு நேரத்துல ஒரு வேலைதான் செய்யும். பிரிக்கணும்னா அனுப்புறதை நிறுத்தணும். லைன் நல்லாப் போகுது மேடம், முழுசே போயிரும், மேனேஜரும் முழுசுன்னுதான் சொல்லியிருக்கார்னேன். அவங்க திரையை ஒரு தடவை பார்த்தாங்க. போயிட்டாங்க.

நிஜமாவே நல்லாப் போச்சு. இருபது தாண்டுச்சு. முப்பது. நாப்பது. மழைகூட விட்டுச்சு. நான் மூச்சே விடல. நாற்காலி அசைஞ்சா அறுந்துரும்னு பயம். யாராவது கதவைச் சாத்தினாக்கூட நம்பரைத்தான் பார்ப்பேன். ஐம்பது. அறுபது.

பன்னெண்டு மணி சுமாருக்கு மேடம் திரும்ப வந்தாங்க. வெள்ளைக் கோட்டைக் கழட்டிட்டு, முந்தானையை இடுப்புல சொருகிக்கிட்டு வந்திருந்தாங்க. மேனேஜர் வெளிய போயிருந்தார், முதலாளிகிட்ட நேர்ல சொல்ல.

"சௌந்தரம், அந்தப் போனை எனக்கு ரெண்டு நிமிஷம் கொடு."

"அறுபத்தொண்ணு மேடம்," நான் திரையைக் காட்டினேன். "இப்ப எடுத்தா ஒண்ணுல இருந்து ஆரம்பிக்கணும்."

"உன் தங்கச்சி அங்க இருக்காள்ல?"

"அதுக்காகத்தான் மேடம் சொல்றேன்."

அவங்க என்னைப் பார்த்தாங்க. என் கை போன் மேல இருந்துச்சு, தாயி. நான் வச்சது எனக்கே தெரியல. ஒரு கோழி முட்டையை அடைகாக்கிற மாதிரி ரெண்டு கையையும் அதுமேல வச்சிருந்தேன். அவங்க அதைத்தான் பார்த்தாங்க. அப்புறம் திரும்பிப் போயிட்டாங்க.

கொஞ்ச நேரத்துல அடுத்த ரூம்ல டக்குன்னு ஒரு சத்தம். அப்புறம் இன்னொரு டக். எனக்கு ரத்தம் கொதிச்சுப் போச்சு. என் டெலக்ஸ். பச்சைத் துணியை எடுத்துட்டு அதுல அடிக்கிறாங்க. ஒத்தை விரல்ல. ஒரு எழுத்து, கொஞ்சம் இடைவெளி, இன்னொரு எழுத்து. என்னைக் கேட்கல. மேனேஜரைக் கேட்கல. எழுதக் கூடாதுன்னு அவர் சொல்லியிருக்கார். எழுந்து போய்ச் சத்தம் போடலாம்னு நினைச்சேன், திரையை விட்டு எழுந்திரிக்கப் பயம். உட்கார்ந்தபடிக்கே ஒவ்வொரு எழுத்தா எண்ணினேன். நூத்திச் சொச்சம். நாலு நிமிஷம் ஆச்சு அவங்களுக்கு. நான் அடிச்சிருந்தா கால் நிமிஷம்.

டிப்போவுக்கு என்ன அனுப்பினாங்கன்னு அப்புறம் அந்தக் காகிதச் சுருளைப் பார்த்தேன். பேட்ச் நம்பர் முடிவில் சி என்றிருந்தால் ஏற்றாதே. ஏறிக்கொண்டிருந்தால் கழற்று. எல்லா ஆஸ்பத்திரிக்கும் உடனே சொல்லு. ரஹ்மத். அம்புட்டுத்தான். அவங்க அனுப்பினது நூத்திச் சொச்சம் எழுத்து, நான் அனுப்பினது ஒன்பது லட்சம். எது பெரிசுன்னு நீயே சொல்லு.

எண்பத்திமூணுல அறுந்துச்சு. பன்னெண்டரை. எண்பத்திமூணு! நான் திரையையே பார்த்துக்கிட்டு உட்கார்ந்திருந்தேன். அழுகை வரல. மேனேஜர் அப்பத்தான் வந்தார். சார், இனிமே பிளைட்தான்னேன். கம்ப்யூட்டர்ல இருந்து பிளாப்பிக்கு ஒன்பது லட்சமும் ஏற ஒன்றரை நிமிஷம்தான். ரெண்டு பிளாப்பியில ஏத்தினேன். ஒண்ணு ஒடிஞ்சா ஒண்ணு இருக்கட்டும்னு. ரெண்டு கொடுத்தா வேகமும் ரெட்டிப்பு, கணக்குப்படி பார்த்தா. செகண்டுக்கு நூத்தி இருபத்தஞ்சு வந்துருது. மோடத்தைவிட அஞ்சு எழுத்து அதிகம். ஒரு டப்பா, பத்து பிளாப்பி கொடுத்தா அறுநூத்தி இருபத்தஞ்சு. அவர் காரை எடுத்துக்கிட்டு ஏர்போர்ட்டுக்குப் பறந்தார்.

நான் மோடத்தைக் கழட்டிப் போனை அதோட இடத்துல வச்சேன். வச்சு கையை எடுக்கல, அடிச்சுச்சு.

தர்மர்.

"மதினி, பத்து ஐம்பதுல இருந்து கூப்பிடுறேன்."

குரல் அவர் குரலாவே இல்ல. டெலிபோன் பூத்துக்கு வெளிய யாரோ கதவைத் தட்டுற சத்தம் கேட்குது. புஷ்பத்துக்குப் பத்தேகாலுக்குப் புது பாட்டில் மாட்டியிருக்காங்க. அதுக்குள்ள பஞ்சு மாதிரி ஒண்ணு மிதக்குறதை இவர் பார்த்திருக்கார். நர்ஸைக் கேட்டா அதெல்லாம் ஒண்ணுமில்லைன்னுட்டாங்க. நம்ம மதினி அந்தக் கம்பெனிதானே, ஒரு வார்த்தை கேட்டுக்குவோம்னு எதிர்ல இருக்கிற பூத்துக்கு ஓடியிருக்கார். எங்கேஜ்டு. வார்டுக்குத் திரும்பிப் போறதும், பூத்துக்கு ஓடி வர்றதுமா பதினோரு தடவை. பதினோரு தடவையும் எங்கேஜ்டு. பதினொன்றரைக்கு அவளுக்கு நடுக்கம் கண்டிருச்சு. கட்டிலே ஆடுற அளவுக்கு நடுக்கம். பன்னெண்டு நாப்பதுக்கு ஒரு டாக்டர் ஓடி வந்து வார்டுல இருக்கிற எல்லாப் பாட்டிலையும் பிடுங்கிப் போட்டிருக்கார், டிப்போவுல இருந்து போன் வந்துச்சாம்.

அவர் அழுதார். ஆம்பளை அழுது நான் அதுவரைக்கும் போன்ல கேட்டதில்ல.

பத்தேகாலுல இருந்து பன்னெண்டு நாப்பது வரைக்கும் நூத்தி நாப்பத்தஞ்சு நிமிஷம். நாப்பதால பெருக்கினா ஐயாயிரத்து எண்ணூறு சொட்டு. அதை அன்னைக்கே, போனை வச்ச உடனே போட்டுட்டேன். பத்து ஐம்பதுக்கே கழட்டியிருந்தா எத்தனைங்கிறதை மட்டும் நான் போட்டதில்ல. இன்னைய வரைக்கும் போட்டதில்ல. நீயும் போடாத.

மறுநாள் காலையில மெட்ராஸ் போய்ச் சேர்ந்தேன். ஆஸ்பத்திரி வாசல்ல இறங்கினதும் காலு உள்ள போக மாட்டேங்குது. எங்க பாட்டில் வந்த காலி அட்டைப் பெட்டிங்க வாசல்லயே அடுக்கியிருந்துச்சு. உள்ள போனா புஷ்பம் கண்ணைத் திறந்து படுத்திருக்கா. உதடெல்லாம் வெடிச்சு, முகம் வேற யாரோ மாதிரி. குழந்தையை அவகிட்ட விடல, தர்மரோட அம்மா வெளிய வச்சிருந்தாங்க. நான் கையைத் தொட்டேன். சுட்டுச்சு. கொதிக்கிற டம்ளரைத் தொட்ட மாதிரி கையை எடுத்துட்டேன்.

"ஏன்க்கா போனை எடுக்கல?"

"லைன்லதான் இருந்தேன்டி," அப்படின்னேன்.

அவ கண்ணை மூடிக்கிட்டா.

பக்கத்துக் கட்டில்ல லோகநாயகின்னு ஒரு பொம்பளை. கர்ப்பப்பை ஆபரேஷனுக்கு வந்தவ. ரெண்டு பிள்ளைங்க, பெருசு அஞ்சாவது படிக்குது. முந்தின நாள் தர்மருக்கு வெந்நீர் பிளாஸ்க் கொடுத்தது அவதானாம். அவளுக்கும் அதே பெட்டியில இருந்து எடுத்த பாட்டில். அவளுக்கு ஒன்பது மணிக்கே மாட்டிட்டாங்க. நான் மோடத்தை மாட்டுறதுக்கு முன்னாடியே, அதைக் கவனிச்சுக்க. நான் போய் மூணாம் நாள் மத்தியானம் அந்தக் கட்டிலைச் சுத்தித் திரையை இழுத்து விட்டாங்க. திரைக்குக் கீழ ஆளுங்க கால் மட்டும் தெரியுது. புஷ்பம் என் புடவையைப் பிடிச்சுக்கிட்டு, அக்கா அங்க என்ன, அங்க என்னன்னு கேட்டுக்கிட்டே இருக்கா. வேற வார்டுக்கு மாத்துறாங்கன்னேன். மெத்தையைச் சுருட்டி எடுத்துட்டுப் போனதை அவ பார்த்துட்டா. அதுக்கப்புறம் எந்தப் பாட்டிலைக் கொண்டு வந்தாலும் கத்துவா. நல்ல பாட்டிலா, நல்ல பாட்டிலான்னு என்னைத்தான் கேட்பா. நான் வெளிச்சத்துல தூக்கிப் பார்த்து, ஆட்டிப் பார்த்துச் சொல்லணும். பார்ப்பேன். ஒண்ணும் இருக்காது. ஆனாலும் நல்லதுன்னு சொல்ல வாய் வராது. ஒன்பது நாள் அப்படி. பத்தாம் நாள் காய்ச்சல் விட்டுச்சு.

பிழைச்சுட்டா. இப்ப நல்லா இருக்கா. அன்னைக்குப் பொறந்த பொண்ணுக்கே கல்யாணம் ஆயிருச்சு. கல்யாணத்துக்கு எனக்குப் பத்திரிகை தபால்ல வந்துச்சு.

தர்மர் கடைசியா என்கிட்டப் பேசினது அந்த வார்டு வாசல்ல. ஒரு வார்த்தை மதினி, ஒரே ஒரு வார்த்தை போதுமேன்னார். அவருக்கு என்ன தெரியும், டேட்டாவைப் பத்தி? லைன் சும்மா இல்ல, அதுல லிஸ்ட் போயிக்கிட்டிருந்துச்சுன்னு சொல்லிப் பார்த்தேன். வேகத்தை எல்லாம் சொன்னேன், டெலக்ஸ் எவ்வளவு, பஸ் எவ்வளவு, மோடம் எவ்வளவுன்னு. அவர் கேட்டுக்கிட்டே இருந்தார். கடைசியில எழுந்து உள்ள போனார். அதோட சரி.

பிளாப்பி? அது சாயந்தரம் அஞ்சு மணிக்கு டிப்போவுக்குப் போயிருச்சு. ரெண்டுல ஒண்ணைத்தான் அவங்க மிஷின் படிச்சுச்சு, பார்த்தியா, நான் ரெண்டு கொடுத்தது எவ்வளவு நல்லதாப் போச்சு. ஏகாம்பரம் அதுக்குள்ள சி பெட்டி எல்லாத்தையும் எடுத்திருந்தார்தான். ஆனா முன்னூத்திப் பத்தும் வந்துருச்சான்னு சரி பார்த்தது என் லிஸ்ட்டை வச்சுத்தான். மேனேஜர் எனக்குப் பாராட்டுக் கடிதம் கொடுத்தார். இக்கட்டான நேரத்தில் இடத்தை விட்டு அசையாமல் பணியாற்றினார்னு போட்டிருந்துச்சு. பிரேம் போட்டு வச்சிருக்கேன். ரஹ்மத் மேடத்துக்கு மெமோ. உத்தரவை மீறிட்டாங்கன்னு.

மெட்ராஸ்ல இருந்து திரும்பினதும் ஒரு நாள் அந்த லிஸ்ட்டைத் திறந்து பார்த்தேன். புஷ்பம் இருந்த ஆஸ்பத்திரியோட பெட்டி எத்தனாவது வரின்னு. இருநூத்திப் பதினாலு. பதினெட்டாயிரத்துல இருநூத்திப் பதினாலு. ஆரம்பிச்ச ஒன்றரை நிமிஷத்துல போயிருக்கும். நாலு தடவையும் போயிருக்கு, தாயி. நாலு தடவையும் மெட்ராஸ் போய்ச் சேர்ந்திருக்கு. முழுசா வரலைன்னு அந்தப் பக்கத்து மிஷின் நாலு தடவையும் அழிச்சிருக்கு. அது என் தப்பா? அந்த மிஷின் அப்படி. அன்னைக்கு ராத்திரியில இருந்து எனக்குத் தூக்கம் கிடையாது. ஆனா என் தப்பு இல்ல.

நான் சொல்றேன்னு நினைக்காத. மேடமே சொன்னாங்க. மெமோ வந்த ரெண்டாவது மாசம் அவங்க வேலையை விட்டுட்டாங்க. போற அன்னைக்கு என் ரூமுக்கு வந்தாங்க. கையில ஒரு பைதான். அந்த நாளைப் பத்தி அதுக்கு முன்னாடி ஒரு வார்த்தை நாங்க பேசினதில்ல. வந்து நின்னு, மேசை மேல இருந்த போனைப் பார்த்தாங்க. நான் வேலை பார்க்கிற மாதிரி கீழ குனிஞ்சுக்கிட்டேன். என்ன சொல்லப் போறாங்களோ, என்ன கேட்கப் போறாங்களோ.

"அன்னைக்கு உன் கையில இருந்து நான் அதைப் பிடுங்கியிருக்கணும் சௌந்தரம். பிடுங்காம விட்டேன். அது என் தப்பு."

சொல்லிட்டுப் போயிட்டாங்க.

கேட்டுக்கிட்டியா? அவங்களே ஒத்துக்கிட்டாங்க. அவங்க தப்புன்னு. அவங்க வாயால.